பொய் விலாசம்

இன்று காலை எங்கள் ஒழுங்கையில் நுளம்புக்குப் புகை அடித்தார்கள். டீசல் கலந்த அந்த மணம் யன்னல் சீலையில் இன்னும் இருக்கிறது. ஊரின் சுகம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது என்று முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. அது ஒழுங்கை முனையைத் தாண்டுமுன்பே எதிர்வீட்டுப் பெண்மணி மாடியிலிருந்து குப்பை கட்டிய ஒரு சொப்பிங் பையைக் கழிவுநீர்க் கானுக்குள் எறிந்தார். நான் யன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. இத்தனை வருடம் எழுதாமல் இருந்தது என்மேலேயே எனக்கு வந்த அருவருப்பால்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில் நாம் இருவரும் வாடகைக்கு இருந்த கீழ்த்தட்டு அறை. பின்கதவைத் திறந்தால், கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட குழி. நான்கு மாடிகளின் குளியலறை யன்னல்களும் அதைப் பார்த்தே இருந்தன. மீன் செதிள், முட்டைக்கோது, யோகட் கப், பிள்ளைகளின் அழுக்குத் துணி எல்லாம் அங்கேதான் விழும். மேலே வீட்டுக்கு வீடு சாம்பிராணி மணக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி அள்ளுவாய். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவடியில் நிற்பேன்.

“குப்பை மகாராணி இறங்கிட்டா!” என்று மேலிருந்து ஒரு குரல் வரும். ஒருநாள் உன் தோளிலேயே மீன்குடல் விழுந்தது.

“ஐயோ தங்கச்சி, ஆள் நிண்டது தெரியேல்லை.”

“ஆள் இல்லாட்டி எறியலாம் எண்டு ஆர் அக்கா சொன்னது?” என்றாய். மேலே சிரிப்புத்தான் கேட்டது.

சுகாதாரப் பரிசோதகர் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். போர்க்காலம் அது; கொழும்பில் தங்கும் தமிழரைப் பொலிஸில் பதிய வேண்டும். வீட்டுக்கார அன்ரி பதிந்தது நான்கு பேரை. வைத்திருந்தது ஒன்பது பேரை. பதியாத ஐவரில் நாம் இருவரும் அடக்கம். முந்தின வாரந்தான் பக்கத்து லொட்ஜில் பதியாத இருவரைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அன்ரி கேற்றைப் பூட்டினார்.

“மூச்சுக் காட்டாதேங்கோ பிள்ளையள். இண்டைக்கு நுளம்பு பார்க்க வருவான், நாளைக்கு ஆள் எண்ண வருவாங்கள்.”

நீ திறந்துவிட எழுந்தாய். நான் உன் கையைப் பிடித்து இருத்தினேன். பரிசோதகர் மூன்று தரம் கேற்றைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த மாதமே உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள், விலாசம் கேட்டார்கள். டெங்கு வந்தவர் வீட்டுக்குப் பரிசோதகர் கட்டாயம் போவார் என்று எனக்குத் தெரியும். நகரின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில் இருந்த என் மாமி வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன்.

கட்டிலில் கிடந்த உனக்கு அது கேட்டுவிட்டது. “எடியே, நுளம்பு வெள்ளவத்தையில, புகை கொட்டாஞ்சேனையிலயோ? சரியான விலாசத்தைக் குடு. மூண்டாம் மாடியில சின்னப்பிள்ளை இருக்கு.”

“நாளைக்குச் சொல்லுறன்” என்றேன். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

மாமி தொலைபேசியில் கத்தினார்: “நுளம்பு தேடி வந்து எங்கட பூச்சாடியெல்லாம் கவிட்டுப்போட்டுப் போறாங்கள். நாங்கள் என்ன ஊத்தையரே?” ஏன் வந்தார்களோ தெரியாது மாமி என்று சொல்லிவிட்டேன்.

என்னிடம் வந்து உனக்காக அழுதவர்கள், மேலே போய் அன்று மாலையும் எறிந்தார்கள். அள்ள ஆளில்லாமல் குழி நிரம்பியது. நான் பின்கதவைப் பூட்டி வைத்தேன். நீ போன பதினோராம் நாள் மூன்றாம் மாடிப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட பிறகுதான் சுகாதார அலுவலகத்துக்குப் போனேன்.

பரிசோதகர் வந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். கப்புக்குக் கப் நுளம்புப் புழு நெளிந்தது. “அது பக்கத்துக் கட்டடத்துக் குப்பை, சேர்” என்றார்கள் மேல்மாடிக்காரர். வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்கவேயில்லை. தெரிந்த கொஞ்சத் தமிழில், “ஏன் மிஸ், முதல்ல சொல்ல இல்ல?” என்று மட்டும் கேட்டார்.

பிள்ளை பிழைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அதன் தாய் ஒரு கோப்பை நிறையப் புட்டும் மீன்குழம்பும் கொண்டு வந்தார். “நீங்கள் துணிஞ்சு போய்ச் சொன்னபடியால்தான் தங்கச்சி, வேற ஒருத்தருக்கும் வரேல்லை. இந்தக் கட்டடத்தில நீங்கள் ஒராள்தான் மனுசி.”

நான் எதையும் திருத்திச் சொல்லவில்லை.

உன் சொல்லைத்தான் சுமக்கிறேன் என்று எழுத ஆசை. அது இன்னொரு பொய். நான் சுமப்பது அந்தப் புட்டை. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன். பசித்திருந்தது. ருசியாகவும் இருந்தது.