உங்கள் பெயருக்கு முன்னால் ஒரு 'லேட்'

சார்,

இன்று காலை கணினியைத் திறந்ததும் திரையின் ஓரத்தில் உங்கள் முகம் வந்து நின்றது. 'இன்று பிறந்தநாள்' என்று ஒரு சின்ன கேக் படம். அதன் கீழே 'லேட்' என்று தொடங்கும் உங்கள் பெயர். நம் பழைய மாணவர்கள் அதற்குள் உங்கள் பக்கத்துக்கு வந்து எழுதியிருந்தார்கள். "சாருக்கு ஆண்டவர் நித்திய இளைப்பாற்றி தரட்டும்" என்று ஒருத்தி. "பேருக்கு முன்னாடி மறக்காம லேட் போட்டு வெச்சிருக்காங்க. யாரோ நல்ல மனசுக்காரங்க" என்று இன்னொருவன்.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அந்த நல்ல மனசுக்காரர் நீங்கள்தான் என்பதும், அதைப் போட்ட மாலையில் நீங்கள் என் வீட்டுக் கூடத்தில் முறுக்கு கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்பதும், எனக்கும் உங்கள் மகனுக்கும் மட்டுமே தெரியும்.

பெயர் மாற்றுவது உங்களுக்குப் புதிதல்ல. கணக்கு வகுப்பில் யாரையும் அவர்கள் பெயரால் நீங்கள் கூப்பிட்டதில்லை. பருமனான பையன் 'வட்டம்'. ஒன்றரைக் கண் உள்ள பெண் 'இணைகோடு'. "ரெண்டும் எங்கயும் சந்திக்காது" என்று விளக்கம் வேறு. வகுப்பே சிரிக்கும். எதைச் சொன்னாலும் ஓர் எடுத்துக்காட்டோடு சொல்வேன் என்பதால் தமிழாசிரியையான நானும் 'உதாரணம்' ஆனேன். எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பிடித்திருக்காது.

உங்கள் மகன் அருள்தாசுக்கு நீங்கள் வைத்தது 'சைபர்'. அவன் பிறந்த அன்றுதான் அவன் அம்மா போனார்கள். ஆறாம் வகுப்பில் அவன் உங்களிடமே கணக்குப் படிக்க வந்தபோது, காரணத்தையும் கரும்பலகைக்கு முன் நின்று சொன்னீர்கள். "வீட்டுக்கு ஒண்ணு வந்துது, ஒண்ணு போச்சி. கணக்கு சைபர்." அன்று உடனே யாரும் சிரிக்கவில்லை. அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பின் பள்ளியில் மட்டுமல்ல, கோயில் வாசலில், மளிகைக் கடையில், எங்கும் அவன் சைபர். அவனும் வீட்டில்கூட உங்களை 'அப்பா' என்றதில்லை, 'சார்' என்றுதான். வளர்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து, பிரான்சுக்குப் போனான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் எத்தனையோ பேர் போனதுபோலத்தான். போன பிறகு ஒரு போன் வரவில்லை.

ஓய்வு பெற்ற பின், மூலக்குளத்தில் நான் வீடு கட்டிக் குடிவந்த சமயம், என் மகள் விட்டுப்போன கணினியைப் பார்க்க ஒருநாள் மொபெட்டில் வந்தீர்கள். எல்லாரும் பேசிக்கொள்ளும் அந்த நட்புத் தளத்தில் பெயர் போட வேண்டும் என்றீர்கள். "எந்தப் பேர் வேணா வெச்சிக்கலாமாமே?" என்று கேட்டீர்கள்.

"வாசல்ல மாட்டுற பலகை மாதிரி சார். பத்திரத்துல இருக்கற பேர் ஒண்ணு. பலகையில நாம இஷ்டப்பட்டத எழுதிக்கலாம், நாளைக்கே அழிச்சிட்டு வேற எழுதலாம்."

"ஆரம்பிச்சிட்டீங்களா உதாரணம்!"

உங்களுக்குத் தட்டிப் பழக்கமில்லாததால் நான்தான் தட்டினேன். கடவுச்சொல் என்ன வைக்கலாம் என்று கேட்டபோது ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னீர்கள். அருள்தாஸ். முப்பது வருடத்தில் உங்கள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து அன்றுதான் கேட்டேன், அதுவும் துண்டு துண்டாக. நான் திரும்பிப் பார்த்ததும், "யாருக்கும் தோணாது. அவனுக்கே தோணாது" என்றீர்கள்.

பழைய மாணவர் ஒருவரின் நண்பர் வரிசையில் அவனைக் கண்டுபிடித்தோம். பெயரை வைத்து அல்ல. பெயர் 'அர்னோ துமோன்' என்று இருந்தது. அர்னோ அவனே வைத்துக்கொண்டது, துமோன் மாமனார் குடும்பத்துடையது. பனியில் சிவப்புக் கோட்டுடன் நின்றவனின் நெற்றியைத் தொட்டுக் காட்டினீர்கள். "அந்தத் தழும்பு இருக்கில்ல? நான் எறிஞ்ச டஸ்டர்."

நட்புக்கு அழைப்பு அனுப்பினோம். அவன் ஏற்கவில்லை. ஆனால் அவன் பக்கத்தில் மற்றவர்கள் எழுதுவதை யார் வேண்டுமானாலும் படிக்கவும், தாங்களும் எழுதவும் முடிந்தது. பிரெஞ்சை நீங்கள் படித்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அவன் மனைவியின் சித்தி எழுதியிருந்த ஓர் இடத்தில் உங்கள் குரல் நின்றது. 'ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவின் ஆன்மாவுக்கான பூசைக்கு நாங்கள் எல்லாரும் வருகிறோம், தைரியமாக இரு.' கீழே அவன் நன்றி சொல்லியிருந்தான்.

நீங்கள் இன்னொரு முறுக்கை எடுத்தீர்கள்.

"டீச்சர், பலகையில பேரை மாத்தணும். முன்னாடி லேட்னு சேருங்க."

"சார், வேணாம்."

"புள்ள பொய்யன் ஆவக்கூடாது. சேருங்க."

சேர்த்தேன். அந்தப் பெயரிலேயே அவன் பக்கத்தில், மாமனார் வீட்டார் கண்ணில் படும்படி, பிரெஞ்சில் நீங்கள் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் தட்டினேன். 'மகனே சைபர், பூசை அருமை. சாமியாருக்கு என் நன்றி. இங்கே எனக்குக் குறை ஒன்றுமில்லை.' அவன் அழித்தான். மறுநாள் வந்து மறுபடி எழுத வைத்தீர்கள். மறுபடி அழித்தான். நீங்களோ பரீட்சைத் தாளில் சிவப்பு மை போடுகிறவர் போல உற்சாகமாக இருந்தீர்கள்.

அந்த வாரக் கடைசியில் அவன் உங்கள் பக்கத்தில் பதில் போட்டான். மருத்துவமனைத் துணியில் சுற்றிய ஒரு கைக்குழந்தையின் படம். கூடவே ஆங்கில எழுத்தில் தமிழ். "வீட்டுக்கு ஒண்ணு வந்துது, ஒண்ணு போச்சி. கணக்கு சரியா, சார்?"

பேரப்பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்தது அப்படித்தான். வெகுநேரம் பார்த்தீர்கள். ஆணா பெண்ணா என்று என்னைக் கேட்டீர்கள். எனக்கும் தெரியவில்லை. "ஸ்டெப் எல்லாம் கரெக்டா போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்தீர்கள். வாசலில் மொபெட்டை உதைக்கும்போது திரும்பி, "நான் நெஜமாவே செத்தா அந்த லேட்டை எடுத்துடுங்க டீச்சர். எழுந்து வந்துட்டேன்னு பயந்து சாவட்டும்" என்றீர்கள். வழக்கம்போல நீங்களே சிரித்தீர்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் நெஞ்சுவலி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் போய்விட்டீர்கள். பழைய மாணவர்கள் மூலம் நம்பர் வாங்கி அவனைக் கூப்பிட்டேன். அழுவான் என்று நினைத்தேன். நிதானமாகப் பேசினான். "என்னன்னு சொல்லிட்டு வர்றது டீச்சர்? அப்பா செத்ததுக்கு லீவு எடுத்தாச்சி. இவங்க எல்லாரும் கறுப்புத் துணி போட்டு அழுதும் முடிச்சிட்டாங்க." உங்கள் பெட்டிக்கு முன்னால் சிலுவையைத் தூக்கிக்கொண்டு போனவன் 'வட்டம்', சார். இப்போது அவனுக்கே வழுக்கை. 'இணைகோடு' வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். உங்கள் கடவுச்சொல் என்னவென்று சொன்னேன். அவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு நாளில் பதில் வந்தது. "பிரெஞ்சுக் குடியுரிமை வந்தப்பவே பேரை மாத்திட்டேன் டீச்சர். அந்தப் பேர்ல இப்ப யாரும் இல்ல."

இன்று, பிறந்தநாள் அன்றாவது நீங்கள் சொன்னபடி அந்த லேட்டை எடுத்துவிடலாம் என்று உங்கள் பக்கத்துக்குள் போனேன். அருள்தாஸ் என்று தட்டினேன். இப்போதெல்லாம் அந்தப் பெயர் என் விரலுக்குத் தானாக வருகிறது. திரையில் அது எழுத்தாகத் தெரிவதில்லை, வரிசையாகப் புள்ளிகள் மட்டும். ஆனாலும் திறந்துகொண்டது. அவன் இல்லையென்று சொன்ன பெயருக்கு உங்கள் கதவு இன்னும் திறக்கிறது, சார்.

அதற்குப் பிறகு அவனைப் பயமுறுத்த மனம் வரவில்லை, லேட்டை எடுக்கவில்லை. அப்படியே மூடிவிட்டு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உதாரணம்