ஆர்பிட்டல் அலையும் நான் வெட்டிய வாக்கியமும்

உன் படிகத்தில் இருந்த ஆக்சிஜனை எடுத்துவிட்டு, எடை கூடிய ஆக்சிஜனை ஏற்றிவிட்டார்கள். உன்னோடு ஆய்வு செய்த செல்வி இன்று காலை போனில் உறுதிப்படுத்தினார். அளவீடு இன்னும் நடக்கவில்லை. நீ போய் நாற்பது நாள் ஆகிறது.

போனை வைத்ததும் அந்த நத்தம் பஸ்தான் நினைவுக்கு வந்தது. நெரிசலில் நாம் நின்றுகொண்டிருந்தோம். சாணார்பட்டியில் இறங்க ஒருவர் உடம்பை ஒருக்களித்தார். பக்கத்து ஆளும் ஒருக்களிக்க, அது வரிசையாக டிரைவர் வரை போனது.

"பாத்தியாலே? ஒருத்தனும் நின்ன எடத்த விட்டு நகரல. திரும்புனது மட்டும் போய்ச் சேந்துருச்சு. படிகத்துல ஆர்பிட்டல்னு சொல்ற எலக்ட்ரான் மேகமும் அப்டித்தான். அணுவ விட்டுப் போகாது. ஒண்ணு திரும்புனா அடுத்ததும் திரும்பும். அந்த அலையத்தான் தேடுறேன்" என்றாய்.

"பஸ்ஸே குலுங்குனாலும் எல்லாரும் ஆடத்தானய்யா செய்வாங்க?"

"அதான் என் தலைவலியே" என்று சிரித்தாய்.

உனக்குக் கிடைத்த சமிக்ஞை அந்த அலையா, வெறும் அணு அதிர்வா? ஆக்சிஜனின் எடையை மாற்றினால் தெரியும். எடை கூடிய அணு மெதுவாக ஆடும்; அதனால் சமிக்ஞை அதிர்வெண்ணில் இடம் பெயர்ந்தால் அதிர்வு. பெயராவிட்டால் பெரும்பாலும் உன் அலை.

எங்கள் பத்திரிகைக்காக நான் எடுத்த பேட்டியில் இந்தச் சந்தேகத்தைக் கடைசியாகச் சொன்னாய். ஆய்வு செய்யும் உங்கள் ஆட்களின் வழக்கம் அது. இடம் போதாவிட்டால் செய்தியை வாலிலிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்து இடத்தைப் பிடித்தது. அந்தச் சந்தேக வாக்கியத்தை நானே வெட்டினேன். மறுநாள் நீ 'கண்டுபிடித்தவர்' ஆகிவிட்டாய். நீ வேலை பார்த்த கல்லூரி வாசலில் பேனர் கட்டினார்கள்.

நாகல் நகர் டீக்கடையில் என்னைப் பிடித்தாய். "ஏலே, திருத்தம் போடு."

"செத்த பொறு. ரிசல்ட் வரட்டும்."

"வாயத் தொறந்தா காலேஜ் மானம் போகுது. மூடுனா என் மானம் போகுது. நான் எங்கிட்டுப் போறது?"

முப்பது வருடத்தில் என் செய்திக்கு ஒரு திருத்தம்கூட வந்ததில்லை. நான் காப்பாற்றியது அதைத்தான். பேனர் இருந்தவரை நீ பின்கேட் வழியாகவே கல்லூரிக்குப் போனாய்.

உன் இரங்கல் செய்தியிலும் 'கண்டுபிடித்தவர்' என்றே வந்தது. என் பழைய செய்தியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இன்று மதியம் திருத்தம் எழுதிக் கொடுத்தேன்.

"செத்தவரு பேர ஏன்யா கெடுக்குற? ரிசல்ட் வரட்டும்" என்றார் செய்தி ஆசிரியர். உனக்கு நான் சொன்ன அதே பதில்.

அலைதான் என்று முடிவு வந்தாலும் திருத்தம் வர வேண்டும் என்றேன். அது அலைதானா என்று அன்று உனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னாய். திங்கட்கிழமை பதில் சொல்கிறாராம். அளவீட்டு முடிவு அடுத்த மாதக் கடைசியில் வரும். அதுவரை, சொல்லாததைச் சொன்னவனாகவே நீ இந்த ஊரில் இருக்கிறாய்.