ஒன்று என்று எழுதிய டேப்

ஜூன் 11, செவ்வாய்

மதியம் கல்லூரிக்கு நெடுஞ்செழியன் வந்தார். பட்டு நெசவாளர் சங்கத்தின் செயலாளர். அங்கே கணினிப் பிரிவை விட்டு நான் வந்து பதினாறு வருடம் ஆகிறது. கையில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே மூன்று பேக்கப் டேப்புகள், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை.

வெளியூர் வியாபாரி ஒருவர் எங்கள் சேலைகளின் மீன் கரையைத் தன் வடிவமைப்பு என்று பதிவு செய்துவிட்டாராம். ஒன்பது தறியில் அந்தக் கரை ஓடுகிறது. ஜூலை 5க்குள் பழைய ஆதாரம் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஒன்பதையும் நிறுத்த வேண்டும். 2004இல் வரைந்த கிராஃப் தாள்கள் கரையானுக்குப் போயின. அன்றைய கம்ப்யூட்டர் எடைக்குப் போனது. பழைய ரசீதுகளில் ‘மீன் கரை’ என்றுதான் இருக்கிறது, எந்த மீன் என்று இல்லை.

“இதுல இருக்கும்ல மேடம்?”

“இருந்துது. இப்ப படிக்க வருமான்றது வேற விஷயம்.”

அவர் முகம் வாடியது. எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

டேப்புகளின் மேல், அப்போது சங்கத்தில் சேலைக் கரை வரைந்த கமலக்காவின் கையெழுத்து. 4.3.2005 – 1. 4.3.2005 – 2. 4.3.2005 – 3. ‘5’ஐ இன்னமும் கொக்கி போலத்தான் போட்டிருக்கிறாள். இன்னமும் என்று ஏன் எழுதினேன்? எழுதியது பத்தொன்பது வருடத்துக்கு முன்னால்.

ஜூன் 12, புதன்

டப்பாவைத் திறந்து பார்த்தேன். மூடிவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

சங்கத்தின் பரணிலிருந்து பழைய டிரைவை எடுத்து, பழுது பார்க்கும் அருள்தாஸ் கடையில் திறந்தோம். உள்ளே இருந்த ரப்பர் உருளை வெல்லப்பாகு போல உருகி ஒட்டிக்கிடந்தது.

“இதுல டேப்ப உட்டா முழுங்கிடும்க்கா. வேற டிரைவ் பாருங்க.”

சென்னையில் பழைய சாமான் விற்கும் ஒரு கடைக்கு போன் செய்தேன். “எல்லா டேப்பும் ஓடும் மேடம்” என்றார்கள். எல்லாம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனாலும் அனுப்பச் சொன்னேன்.

வீடு திரும்பும்போது மணி ஐந்து. வெள்ளிக்கிழமை ஐந்து மணி என்றால் அந்த நாளில் பேக்கப் நேரம். கமலக்கா சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கிராஃப் தாளிலிருந்து தலை நிமிராமலே கேட்பாள்: “லதா, பேக்கப் எடுத்தாச்சா?” அவளுக்குக் கம்ப்யூட்டரைத் தொடப் பிடிக்காது. ஆனால் டேப் ஓடும் சத்தம் பிடிக்கும். ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றுவது போல இருக்கிறது என்பாள். நான் டேப்பை மாற்றுவேன், அவள் சீட்டு எழுதி ஒட்டுவாள். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்குமாம்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. எம்.எஸ்ஸி. முடித்து வந்த திமிர் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம்தானா?

ஜூன் 19, புதன்

டிரைவ் வந்தது. டேப்பை உள்ளே வாங்கி, ஒரு நிமிடம் யோசித்து, வெளியே துப்பிவிட்டது. மூன்றையும்.

டிரைவின் கையேட்டைப் படித்தேன். இது தன் தலைமுறையையும் அதற்கு முந்தைய இரண்டையும்தான் படிக்கும். நம்முடையது மூன்று தலைமுறை பழையது. ஒரே ஒரு படி வித்தியாசம். கேட்காமல் வாங்கியது என் தப்பு. வகுப்பில் இதையே பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறேன்.

ஜூன் 22, சனி

ஒரு தலைமுறை பழைய டிரைவ் வந்துவிட்டது. இது நம் டேப்பைப் படிக்க வேண்டும். ஆனால் இதன் இணைப்புக்கு இன்றைய கம்ப்யூட்டர் எதிலும் இடமில்லை. அருள்தாஸ் தன் கடையின் மூலையிலிருந்து ஒரு பழைய பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார். இணைப்பு அட்டையைப் பொருத்தினோம், கேபிளைப் போட்டோம். டிரைவ் இருப்பதாகவே கம்ப்யூட்டர் காட்டவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கேபிளின் கடைசி முனையில் ஒரு மூடி போட வேண்டும், டெர்மினேட்டர். அது இல்லையென்றால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வரும்.

“எதிரொலி மாதிரியாக்கா?”

“அப்டிதான்.”

மூடியைப் பழைய டிரைவின் கேபிளிலிருந்து கழற்றிப் போட்டோம். டிரைவ் விழித்துக்கொண்டது. அதே சத்தம், ராட்டையில் தார் சுற்றும் சத்தம். ஒரு நிமிடம் வேறு எதுவும் செய்யாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அருள்தாஸ் டீ சொல்லப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று.

ஜூன் 25, செவ்வாய்

1 என்று எழுதிய டேப்பைப் போட்டால் ஒரு பிழை எண் மட்டும் வருகிறது. விளக்கம் இல்லை. அந்த மென்பொருளை எழுதிய கம்பெனியே இப்போது இல்லை.

அருள்தாஸ் சொல்கிறார்: “பழைய டிரைவோட எழுதுற தல சாஞ்சிருக்கும்க்கா. அது கோணலா எழுதினத அதுவே தான் படிக்கும். ஒரே பேஜாரு.”

அப்படி நடப்பதுண்டு. அப்படியென்றால் கதை முடிந்தது. நெடுஞ்செழியனிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 27, வியாழன்

சங்கத்துக்குப் போனேன். சுவரில் 2005 கண்காட்சிச் சான்றிதழ் இன்னும் தொங்குகிறது. ‘மீன் கரை – வடிவமைப்பு: கமலம், ஸ்வர்ணலதா.’ கரையின் படம் அதில் இல்லை, பெயர்கள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன.

அந்த இரண்டாவது பெயர்தான் எங்களைப் பிரித்தது. ஒரு மீனின் வாலை அடுத்த மீன் கவ்விக்கொண்டே போகும் கரை அது. கமலக்கா வரைந்தது. ஆனால் ஒரு சுற்று முடிந்து மறுசுற்று தொடங்கும் இடத்தில் வாயும் வாலும் இரண்டு இழை விலகி நின்றன. நான்தான் கம்ப்யூட்டரில் அதைச் சேர்த்தேன். கண்காட்சிக்காரர்கள் கேட்டபோது சொன்னேன், பெயரைப் போட்டார்கள். கமலக்கா என்னிடம் வந்து நின்றாள்.

“நீ ஒண்ணும் சேக்கலடி. அத நானே சேத்துட்டேன்.”

நான் கோப்பைத் திறந்து காட்டினேன். அவள் தாள்களைப் பார்த்து, அவள் சொன்ன பெயரில் தட்டச்சுப் பையன் ஏற்றிய மூன்று கோப்புகளில் கடைசியான மீன்3. அதில் இடைவெளி இருந்தது. “பாருங்கக்கா, ரெக்கார்டு இருக்கு.” அவள் பார்க்கவில்லை. அந்த மாதமே வேலையை விட்டுச் சந்தவாசலுக்குப் போய்விட்டாள். பிறகு பேசவேயில்லை.

நெடுஞ்செழியன் மனுவைக் காட்டினார். வடிவமைத்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். “அந்தம்மாகிட்டயும் கையெழுத்து வாங்கணும் மேடம். நம்பர் தரட்டுமா?”

ஜூன் 28, வெள்ளி

போன் செய்தேன். கையெழுத்துக்காக இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன் – டேப் எழுதிய அன்று ஏதாவது கோளாறு நடந்ததா என்று கேட்பதற்காக.

“யாரு?”

“லதா.”

பின்னால் ஆடு கத்தும் சத்தம்.

“எந்த லதா? டேப்பு லதாவா?”

நடந்ததைச் சொன்னேன். உம் கொட்டாமல் கேட்டாள். கடைசியில், “ஒண்ணாம் நம்பர் டேப்ப போட்டியா?”

“ஆமாங்க்கா. அதானே முதல் டேப்பு.”

“அது எப்டி முதலு? நீ எட்த்து எட்த்து ஒண்ணு மேல ஒண்ணா வச்ச. நான் எல்லாம் முடிஞ்சப்புறம் மேலேர்ந்து சீட்டு ஒட்டிகினு வந்தேன். தறியில நெய்ஞ்சத படமரத்துல சுத்தினா எது மேல இருக்கும்? கடைசியா நெய்ஞ்ச சேல. பிரிக்கும்போது அதான மொதல்ல வரும்? எங்க வூட்ல அதுக்குத்தான் ஒண்ணுன்னு போடுவோம். நீ படிச்சவ, உனக்குத் தெரியாதா?”

கேலியா, கோபமா, தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 29, சனி

மூன்றும் ஒரே பேக்கப்பின் தொடர்ச்சி, எழுதிய வரிசையில் போட்டால்தான் திறக்கும். 3 என்று எழுதிய டேப்பை முதலில் போட்டேன். ஓடியது. பிறகு 2. பிறகு 1. தலை சாயவும் இல்லை, கோணலும் இல்லை. அருள்தாஸ் கைதட்டினார்.

நான்கு மீன் கோப்புகள், தேதியோடு:

மீன்3 – 8 அக்டோபர் 2004
மீன்2 – 22 அக்டோபர் 2004
மீன்1 – 12 நவம்பர் 2004
லதாமீன் – 3 டிசம்பர் 2004

மீன்1ஐத் திறந்தேன். வால் வாயில் இருக்கிறது. சேர்ந்திருக்கிறது.

நான் திருத்தியதற்கு மூன்று வாரம் முன்பே. டேப்புக்கு மட்டுமா அப்படி எண் போட்டாள்? எல்லாவற்றுக்கும் அப்படித்தான். புதிதாக வரைந்ததை 1 ஆக்கி, பழைய கோப்புகளின் பெயரை 2, 3 என்று மாற்றச் சொல்லியிருக்கிறாள். அவள் கழித்துப் போட்டதை எடுத்துத்தான் நான் சரி செய்தேன். அதைத்தான் அவள் முகத்துக்கு நேரே திறந்தும் காட்டினேன்.

அன்று தேதியைப் பார்த்திருக்கலாம். பக்கத்திலேயே இருந்திருக்கும். எண்ணைப் பார்த்தேன், போதும் என்று நினைத்தேன். யாரையும் நம்பாமல் சரிபார்க்கிறவள் நான் – என்னைத் தவிர.

ஜூலை 1, திங்கள்

மனுவை மறுபடி தட்டச்சு செய்யச் சொன்னேன். நெடுஞ்செழியனுக்குப் புரியவில்லை. “ரெண்டு பேரு இருந்தா பலம்தானே மேடம்?”

“தேதி ஒருத்தர் பேரத்தான் சொல்லுது.”

ஜூலை 3, புதன்

சந்தவாசல். பேருந்தை விட்டு இறங்கி, விசாரித்துப் போனேன். கமலக்கா கண்ணாடி போட்டிருக்கிறாள், முடி முழுக்க வெளுத்துவிட்டது. மன்னிப்பு கேட்பதற்கு வழியெல்லாம் வாக்கியம் தயாரித்திருந்தேன். அவள் மனுவைத்தான் முதலில் வாங்கினாள். நிதானமாகப் படித்தாள். ஒரு பெயர் மட்டும் இருந்த இடத்தில் விரல் நின்றது.

“உன் பேரு எங்க?”

“நான் ஒண்ணும் சேக்கலக்கா. நீங்க முன்னாடியே சேத்துட்டீங்க.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “பத்தொம்பது வருசம் ஆச்சாடி உனக்கு, எண்ணிப் பாக்க?” என்றாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு, “உக்காரு. கூழு இருக்கு.”

நான் தயாரித்த வாக்கியத்தைச் சொல்லவேயில்லை.

ஜூலை 5, வெள்ளி

காலையில் மனு போய்ச் சேர்ந்தது, கோப்புகளும் தேதிகளும் இணைத்து. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கியாயிற்று. முடிவு வரும்வரை தறிகள் ஓடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். முடிவு எப்படி வருமோ, அதை இப்போதே சொல்ல நான் ஆளில்லை.

சங்கத்துச் சுவரில் சான்றிதழ் இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம். நான்தான் கழற்றச் சொன்னேன்.

மாலை ஐந்து மணிக்கு போன் வந்தது. வணக்கம், நலமா, எதுவும் இல்லை.

“லதா, பேக்கப் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சுக்கா. மூணு காப்பி.”

“நம்பர் போட்டியா?”

“மேலேர்ந்து போட்டேன்.”