தாரகை பிழைத்த ஒன்பது பக்கம்

ஜூன் 8, 2025. ஞாயிறு

மறுபடியும் தள்ளிப் போட்டுவிட்டார்கள். 'முகில்காவலர்' ஐந்தாம் பாகம், கடைசிப் பாகம், இந்த மாதக் கடைசியில் வரும் என்றார்கள். இப்போது ஆகஸ்டாம். பதிப்பகத்தின் பக்கத்தில் இரண்டே வரி. இரண்டு வருஷமாகக் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறேன். வயது இருபத்தொன்பது. மேலகரத்தில் மெடிக்கல் கடையில் ஆறு வருஷ வேலை. பறக்கிற குதிரைக் கதைக்கு இப்படிக் காத்துக் கிடக்கிறேன். "பிள்ளைய வாசிக்கிற புஸ்தகத்த வச்சிக்கிட்டு கழுத வயசுல என்னட்டி செய்யுத?" என்று அம்மா போன வாரம்கூடக் கேட்டாள்.

எங்கள் வாசகர் குழுவில் ஒரே ஒப்பாரி. நாலாம் பாகம், கதாநாயகி தாரகை பாலத்திலிருந்து விழுந்ததோடு முடிந்துவிட்டது. செத்தாளா, பிழைத்தாளா என்று அறுபத்திரண்டு பேரும் சண்டை போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டோம். அட்மின் ஜாய் அக்கா, ஆலங்குளத்தில் நர்ஸ், 'யாரும் பேசுதது இல்ல, குரூப்ப மூடிரட்டுமா?' என்று கேட்டிருக்கிறார். எனக்கு வேறு எங்கே போக்கிடம்?

ஜூன் 15, ஞாயிறு

நல்ல சாரல். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்களுக்குச் சளி மாத்திரை கொடுத்தே காலை போயிற்று. மூன்று மணிக்கு மேல் ஆளே இல்லை. முதலாளி குற்றாலீஸ்வரன் அண்ணாச்சி கடையை என்னிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். ஐந்தாம் பாகத்தின் முதல் அத்தியாயம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் சும்மா அடித்துப் பார்த்தேன். ஒன்பது பக்கம் வந்துவிட்டது. என் தாரகை சாகவில்லை. பாலத்துக்குக் கீழே அருவி, அருவிக்குப் பின்னால் குகை, ஒற்றைக் கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருகிறாள்.

நன்றாக இருக்கிறது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் நன்றாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

செய்திருக்கக் கூடாது.

அதீபா வந்தாள், அவள் உம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க. பத்தொன்பது வயது, தென்காசியில் காலேஜ் படிக்கிறாள். குழுவிலேயே படம் வரையத் தெரிந்த ஒரே ஆள். "தாரகை செத்துதான் போய்ட்டாளோக்கா? எனக்கு வரையவே பிடிக்கல" என்றாள். அந்த வாடின முகத்தைப் பார்த்ததும் என் வாயில் வந்துவிட்டது: "எங்க சுபாஷ் அண்ணன் சிவகாசி பிரஸ்ல இருக்கான்லா? மொத அத்தியாயம் அவன் கைக்கு வந்திருக்கு. அனுப்புதேன். யார்ட்டயும் எங்க பேரச் சொல்லிராத, அவனுக்கு வேலை போயிரும்."

சுபாஷ் என் பெரியப்பா மகன். பிரஸ்ஸில் இருப்பது நிஜம். அவன் அடிப்பது காலண்டர்.

"சத்தியமா சொல்ல மாட்டேங்க்கா" என்றாள். அவளுக்குப் பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, நாளைக்கே 'நான்தான் எழுதினேன்' என்று சொல்லிவிடலாம். விளையாட்டுத்தானே.

ஜூன் 18, புதன்

அழுதுகொண்டே குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். "எழுத்தாளர் கை தனியாத் தெரியுதுக்கா!" அதற்கு அப்புறம் அது என் கை என்று எப்படிச் சொல்வது? "பாவம் எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. குரூப்ல போடட்டுமா? எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா சொல்ல மாட்டேன்" என்றாள்.

போடு என்றேன். ஆசை வெட்கமறியாது.

ஜூன் 19, வியாழன்

இருநூற்று நாற்பது செய்திகள். ஜாய் அக்கா குழுவை மூடவில்லை. பாவூர்சத்திரம் பிச்சுமணி இதுவரை எதையும் பாராட்டியதாகச் சரித்திரம் இல்லை. அவரே 'இதுல்லா எழுத்து' என்று போட்டிருக்கிறார். பதினொரு தடவை வாசித்தேன். மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. "என்னம்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரவ யாரும் வந்துட்டுப் போனாவளா?" என்றார் அண்ணாச்சி.

ஜூன் 29, ஞாயிறு

பதிப்பகம் போட்டி வைத்திருக்கிறது. வாசகர்கள் வரைந்த படங்களில் எட்டைத் தேர்ந்தெடுத்துப் புத்தகத்தின் கடைசியில் அச்சடிப்பார்களாம். அதீபா தன் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். ஐந்து நாள் வேலையாம். அருவிக்குள்ளிருந்து தாரகை, ஒற்றைக் கை பாறையில். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது.

என் ஒன்பது பக்கத்தில் இருக்கிற காட்சி. புத்தகத்தில் இருக்கப்போவதில்லை. புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்கே அதை அனுப்பப் போகிறாள். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒருத்தர் வந்து தைலம் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன், திரும்பினால் அவள் போனிலேயே அனுப்பி முடித்துவிட்டாள். அந்த ஆள் வந்திருக்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும்.

ஜூலை 9, புதன்

வெடித்துவிட்டது. வெளியில் சுற்றும் முதல் அத்தியாயம் போலி, எழுத்தாளர் எழுதியதல்ல என்று பதிப்பகம் அறிவித்துவிட்டது. அதோடு அதீபாவுக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல். உங்கள் படத்தில் உள்ள காட்சி எங்கள் புத்தகத்தில் இல்லை, போலி அத்தியாயம் முதலில் உங்கள் எண்ணிலிருந்துதான் பரவியதாக அறிகிறோம், அதை உங்களுக்குக் கொடுத்தது யார் என்று பதினாறாம் தேதிக்குள் தெரிவியுங்கள், இல்லையென்றால் படத்தை ஏற்க இயலாது.

கடைக்கு வந்து காட்டினாள். "சுபாஷ் அண்ணனையும் யாரோ ஏமாத்தியிருக்காங்கக்கா. நான் பேரச் சொன்னா பிரஸ்ல சும்மா விடுவாங்களா? அவங்களுக்கு ரெண்டு பிள்ளைய இருக்குன்னு சொன்னீங்களே. நான் சொல்ல மாட்டேன்."

நான் "ம்" என்றேன்.

அந்த ஒரு 'ம்'மை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. சீ.

ஜூலை 11, வெள்ளி

குழுவில் பிச்சுமணி: 'படம் வரையிற பிள்ளைக்குக் கதை கட்டவா தெரியாது?' ஏழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். ஜாய் அக்கா வாயே திறக்கவில்லை. 'நான் எழுதலை. யார் குடுத்தாங்கன்னு என்னால சொல்ல முடியாது' என்று அதீபா ஒரே ஒரு தடவை எழுதினாள். அதற்கும் சிரிப்பு.

நான் சிரிப்பு போடவில்லை. பார்த்துவிட்டு மூடி வைத்தேன். பெரிய யோக்கியம்.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லிரு. சொல்லித் தொலையேன். என்ன போயிரும்? கடையில சிரிப்பாவ. ஆலங்குளம் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்க கூடப்பொறந்த பாண்டி அண்ணன் காதுக்குப் போகும், "இதுக்கா உன்னைப் படிக்க வச்சோம்"பான். அம்மா தலையில அடிச்சிக்கிடுவா. அவ்வளவுதானே? ரெண்டு நாள் பேசுவாவ, மூணாவது நாள் வேற கதைக்குப் போயிருவாவ.

இல்லை, அதற்காகப் பயப்படவில்லை. காலையிலிருந்து என்னையே குடைந்து குடைந்து கேட்டதில் கடைசியாக வெளியே வந்தது இது: மெடிக்கல் கடை முத்துச்செல்வி எழுதியது என்று தெரிந்துவிட்டால், 'எழுத்தாளர் கை' என்று சொன்ன அதே வாய்கள் 'நெனச்சேன், குப்பை' என்று சொல்லும். அந்தப் பதினொரு தடவை வாசித்த பாராட்டு போய்விடும். அதற்காகத்தான் ஒரு பிள்ளையை மாட்டிவிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதவே கை வரமாட்டேன் என்கிறது.

முகம் வாடிக் கிடந்திருக்கும். "சாரக் காத்து ஒத்துக்கிடல போல" என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

ஜூலை 16, புதன்

கடைசி நாள். சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

எட்டுப் பேர் பட்டியல் வந்துவிட்டது. அவள் பெயர் இல்லை. மத்தியானம் குழுவில் ஒரு சின்ன வரி: அதீபா வெளியேறினார்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் எழுந்ததும் பதிப்பகத்துக்கு எழுதினேன். குழுவிலும் போட்டேன்: அந்த ஒன்பது பக்கத்தை எழுதியது நான், அதீபாவிடம் பொய் சொல்லிக் கொடுத்தது நான், அவளுக்கு ஒன்றும் தெரியாது. போட்ட கையோடு தென்காசிக்கு பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் உம்மா, ரஹ்மத்துன்னிசா மாமி, கதவைத் திறந்தார். "வாம்மா வாம்மா, நீ குடுக்கிற மாத்திரையிலதான் எனக்கு பிரஷர் அடங்கியிருக்கு" என்று உட்காரவைத்து டீ கொடுத்தார். அவருக்கு எதுவுமே தெரியாது.

மாமி உள்ளே போனதும் அதீபாவிடம் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். பதில் தயாராக வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். திட்டினால் இப்படி, அழுதால் இப்படி என்று. அவள் முதலில் கேட்டது:

"அப்போ சுபாஷ் அண்ணன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்லாக்கா?"

"அவனுக்கு இது எதுவுமே தெரியாது அதீபா. அவன் காலண்டர் அடிக்கான்."

அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அவங்களுக்கு வேலை போயிரக் கூடாதுன்னு நான் மூணு நாள் நோம்பு வச்சேன்."

என்னால் அங்கே இருக்க முடியவில்லை. மன்னிச்சிரு என்று சொன்னேனா, நினைத்துமட்டும் கொண்டேனா, அதுகூட ஞாபகம் இல்லை. திரும்புகிற பஸ்ஸில் மேலகரத்தில் இறங்காமல் குற்றாலம் வரை போய்த் திரும்பினேன்.

இல்லாத ஆபத்துக்கு மூன்று நாள் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறாள். அந்த மூன்று நாளும் நான் மூன்று வேளையும் உட்கார்ந்து தின்றிருக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

பதிப்பகத்திலிருந்து பதில். 'தெரிவித்தமைக்கு நன்றி. பக்கங்கள் அச்சுக்குச் சென்றுவிட்டன.'

ஜாய் அக்கா என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். அதற்கு முன்னால் பிச்சுமணி போட்டதைப் பார்த்துவிட்டேன்: 'எனக்கு அன்னைக்கே சந்தேகம். நடை இடிச்சிச்சி.' சிரிப்பு வந்தது, பல வாரத்துக்கு அப்புறம். இதற்குத்தானே அத்தனை பயம்? எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. அதீபாவிடம் யாராவது ஒரு வார்த்தை வருத்தம் சொன்னார்களா தெரியவில்லை. அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜாய் அக்காவுக்குத் தனியாக எழுதினேன். 'கூப்ட்டேன். வரல' என்று இரண்டே வார்த்தை வந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

புத்தகம் வந்தது. இரண்டு வருஷம் காத்திருந்தது. கூரியர்க்காரர் நீட்டியபோது, யாருடைய சாமானையோ வாங்குகிற மாதிரி வாங்கினேன்.

தாரகை செத்துவிட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ஆற்றங்கரையில், அவள் தம்பி வந்து அடையாளம் காட்டுகிறான். அழுதேன். என் குகையும் அருவியும் இதற்குப் பக்கத்தில் வைக்கக் காணாது. எழுத்தாளர் அவளைப் பிழைக்கவைக்க எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார், இருந்தும் செய்யவில்லை.

கடைசியில் எட்டுப் படங்கள். ஒன்றுகூட அதீபா படத்துக்கு உறை போடக் காணாது. இதில் பொய் இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

ஜூலைக்குப் பிறகு மாமிதான் வந்து மாத்திரை வாங்கிப் போய்க்கொண்டிருந்தார். இன்று அதீபா வந்தாள். அண்ணாச்சி உள்ளே சரக்கு பிரித்துக்கொண்டிருந்தார். சீட்டை மேஜையில் வைத்தாள். "உம்மாவுக்கு" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

மாத்திரையை எடுத்து வைத்தேன். கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்த புத்தகத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"வாங்கினியா?" என்று கேட்டேன்.

"இல்ல." புத்தகத்தின் அட்டையைப் பார்த்தபடி, "தாரகை?"

"இல்ல அதீபா. செத்துட்டா."

"எந்தப் பக்கம்?"

"இருநூத்திப் பன்னெண்டு."

கையை நீட்டிப் புத்தகத்தை எடுத்தாள். அந்தப் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். முகத்தில் கோபம் இல்லை. முடித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

பிறகு மாத்திரை அட்டையைத் திருப்பி, அதிலிருந்த பெயரை டாக்டர் சீட்டோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. சரியாக இருக்கிறதா என்று நானும் எட்டிப் பார்த்தேன்.