ஃப்ரிட்ஜ் தண்ணீரில் நனைத்த துணி

ஐப்பசி, புதன் இரவு.

மகள் நிலாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். டிராக்டர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நான் வந்தபோது, ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டி, ஃபேனையும் அணைத்து வைத்திருந்தாள் என் மனைவி கவிதா. சூட்டை உள்ளே அடைத்தால் எப்படி இறங்கும்? எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, ஃப்ரிட்ஜ் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். பிள்ளை வெடவெடவென்று நடுங்கி வீறிட்டது.

"புள்ள என்ன உங்க டிராக்டர் இன்ஜினா, தண்ணி ஊத்தி ஆத்துறதுக்கு?" கவிதா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

பைக்கில் மன்னார்குடிக்கு ஓடினோம். டாக்டரிடம் காய்ச்சல் எத்தனை டிகிரி என்ற கணக்கை ஆரம்பித்தேன். அவர் நிறுத்திவிட்டார்.

"அது இருக்கட்டும். தண்ணி குடிக்கிறாளா? ஒண்ணுக்குப் போனாளா? முகம் பாத்து சிரிக்கிறாளா?"

எனக்குத் தெரியவில்லை. கவிதாதான் சொன்னாள். ஸ்வெட்டரும் வேண்டாம், ஐஸ் தண்ணியும் வேண்டாம், மெல்லிசு சட்டை போதும் என்று இரண்டு பேரையும் சேர்த்தே திட்டி அனுப்பினார்.

இன்னும் உறுத்துகிறது. காய்ச்சலைப் பழுது என்றே நினைத்தேன். நோயோடு சண்டை போட உடம்பே ஏற்றுகிற சூடாம் அது, டாக்டர் சொன்னார். அப்படியென்றால் நான் எதைச் சரிசெய்யப் போனேன்?

கண்ணைத் திறக்காமலே இப்போது கவிதா கேட்கிறாள்: "சுடுதா?"

"சுடுது. ஆனா அரை டம்ளர் கஞ்சித் தண்ணி குடிச்சா."

"அப்ப லைட்ட அணைங்க."