பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு

1958 மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். தண்ணீர்ப் பானை கழுவ வேண்டும். சாக்பீஸ் தீர்ந்தது.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்குள் என் மூன்றாம் வகுப்புக்கு வாசிப்புச் சோதனை முடித்து, யார் சரளம், யார் எழுத்துக்கூட்டி, யார் பூஜ்யம் என்று லிஸ்ட் எழுதித் தலைமை ஆசிரியரிடம் தர வேண்டும்.

இன்று பாதிப் பேருக்கு முடித்தேன். நல்லசாமி பாடம் முழுவதையும் மடமடவென்று ஒப்பித்தான். புத்தகம் வேறு பக்கத்தில் திறந்திருந்தது. சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. என் குழந்தையைப் புதைத்து இரண்டு மாதம், அதிலிருந்து இப்படித்தான். அழுகையும் இல்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி என்னை நானே கிள்ளிப் பார்க்கிறேன்.

சேலத்திலிருந்து என் வீட்டுக்காரர் கடிதம். "சனிக்கிழமை வா. ஞாயிறு பூசை முடிந்து கல்லறைக்குப் போய் வரலாம்." பதில் எழுதவில்லை.

மார்ச் 5, புதன்

மத்தியானம் பாவாயியின் அம்மா வந்தாள். வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து நேராக, விரலெல்லாம் கறை. காது மந்தம், நான் கத்த வேண்டியிருந்தது. வகுப்பே கேட்டது.

"ஏனுங்க டீச்சர், புள்ள படிக்கறாளுங்களா?"

"இந்த வாரம் சோதனைம்மா. பார்த்துச் சொல்றேன்."

"நாமக்கல்லுக்கு வெத்தலைக் கூடை கொண்டு போறனுங்க. கண்டக்டர் கூவறது எனக்குக் காதுல உழுகாது. போன மாசம் கரூர் வண்டில ஏறிப்போட்டேன். கூடையோட வதங்கிப் போச்சுங்க. இவ பஸ் போர்டு படிக்கற அளவுக்கு வந்தாப் போதுமுங்க. நிறுத்தி, கூடக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவளிடம். புருஷன் சங்ககிரி லாரியில். வீட்டுக்கு வருவது எப்போதாவது. ஒண்டியாகத்தான் அல்லாடுகிறாள்.

பாவாயி கடைசி வரிசையில் சிலேட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த சிலேட்டு.

மார்ச் 6, வியாழன்

மனப்பாடத்துக்கு மருந்து. நானே ஒரு கதை எழுதிக் கொடுத்தேன், எட்டு வரி. பள்ளிக்கூடத்துக்குள் ஓர் ஆடு நுழைகிறது, கடைசியில் வாத்தியாரின் துண்டைத் தின்றுவிடுகிறது. நல்லசாமி இரண்டாம் வரியில் படுத்துவிட்டான்.

பிறகு பாவாயி. "ஒ... ரு... நா... ள்..." விரல் எழுத்து எழுத்தாக ஊர்ந்தது. 'எழுத்துக்கூட்டி' என்று போடப் பேனாவைத் திறந்தேன். விரல் இரண்டாம் வரியில். ஆடு இன்னும் வாசலில்தான் நிற்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டு வருவதோ கடைசி வரியில்.

கண் எப்போதோ ஓடிப்போய்ச் சேர்ந்துவிட்டது. வாய் மட்டும் வேண்டுமென்றே நொண்டுகிறது. எத்தனை நாளாக இந்த நடிப்பு? பேனாவை மூடினேன். நான் கண்டுகொண்டேன் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"போய் உட்காரு" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

தவக்காலம். கஞ்சி, துவையல். த.ஆ. வந்து, "இன்னும் லிஸ்ட் வரலீங்களே டீச்சர்" என்றார். திங்கட்கிழமை என்றேன்.

மணி அடித்த பிறகு பாவாயி என் மேஜையருகே.

"எழுத்துக்கூட்டின்னே போட்டுருங்க டீச்சர்."

"அப்போ இன்னொரு வருஷம் மூணாங் கிளாஸ்லயே இருக்கணும்."

"இருந்துக்கறனுங்க."

"அதே பாடம்தான்."

"பரவால்லீங்க. நல்லசாமியோட அண்ணன் நாலாவது புஸ்தகம் குடுத்தானுங்க. அதும் முடிச்சிட்டேன்."

வெளியே அவள் அம்மா காத்திருந்தாள். கத்திச் சொன்னேன்: "இன்னும் வரலைம்மா. எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறா."

அம்மாவின் முகம் சுருங்கியது. "மண்டைல ஏறலையாட்ட இருக்குது. போகுது உடு சாமி" என்று மகளின் தலையைத் தடவினாள்.

பொய்தான் சொன்னேன். மனம் குத்தவில்லை. இப்போதெல்லாம் எதுவுமே குத்துவதில்லை.

மார்ச் 8, சனி

சேலம் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். எப்படியோ பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். அங்கே பாவாயியும் அம்மாவும், கூடையோடு.

ஒரு வண்டி வந்தது. டிரைவரும் கண்டக்டரும் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். அம்மா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு படியில் கால் வைத்தாள். போர்டு எனக்கு நன்றாகத் தெரிந்தது. கரூர். சொல்லியிருக்கலாம். இரண்டு மாதமாக எதற்கும் வாய் எழுவதில்லை, அதற்கும் எழவில்லை. மரம் மாதிரி நின்றேன்.

பாவாயி என்னைப் பார்த்தாள். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தாள். பிறகு ஓடினாள்.

"ஏறாதம்மா, அது கரூர் வண்டி."

காதில் விழவில்லை. சேலையைப் பிடித்து இழுத்து, வண்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, எக்கி நின்று விரலால் காட்டிக் கத்தினாள். "இது க. இது ரூ. இது ர். கரூர்."

அம்மா கூடையை இறக்கி வைத்தாள். கண் கலங்கியிருந்தது. "படிச்சுப்போட்டாளுங்க டீச்சர். நேத்து வரலைன்னீங்க, ஒரே ராத்திரில வந்துருச்சு பாருங்க."

சேலம் போக நானும் நாமக்கல்லில்தான் மாற வேண்டும். வண்டியில் எனக்கு முன் சீட்டில் இருவரும். பாவாயி ஜன்னலோரம். இனி மறைக்க வேண்டியதில்லை அல்லவா? மைல் கல், சைக்கிள் கடை, சோப்பு விளம்பரம், சுவரில் எழுதிய ஓட்டு வாசகம் வரை, ஒன்று விடாமல் அம்மாவின் காதுக்குள் கத்திப் படித்துக்கொண்டே வந்தாள். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

பரமத்தி தாண்டியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். குழந்தைக்காகவா, இவளுக்காகவா, தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

மேகமூட்டம். சாக்பீஸ் வந்தது. நேற்று கல்லறையில் அவர் புல் பிடுங்கினார், நான் தண்ணீர் ஊற்றினேன். அதற்கு முன் பாவசங்கீர்த்தனம். பொய் சொன்னதைச் சாமியாரிடம் சொன்னேன். வாய் திறக்காமல் நின்றதைச் சொல்லவில்லை. அது பத்துக் கட்டளைகளில் எதில் சேரும் என்று தெரியவில்லை.

கடைசி வரிசையில் ஓர் இடம் காலி. "அவ இனிமே வரமாட்டாளுங்க டீச்சர், கூடைக்குப் போயிட்டா" என்றான் நல்லசாமி.

த.ஆ. லிஸ்ட் கேட்டார். பாவாயி பெயருக்கு நேராக மட்டும் ஒன்றும் போடாமல் வைத்திருந்தேன். அவரை நிற்கச் சொல்லிவிட்டு எழுதிக் கொடுத்தேன். சரளம்.