நாம் வாங்காத கிடார்

என்னங்க,

இன்றைக்குக் காலையில் சின்னவன் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பழைய கரண்ட் கிடாரின் திருகைத் திருகினான். கரகரவென்று ஒரு சத்தம். மழைநாளில் ரேடியோ இரையுமே, அந்த மாதிரி. அடுப்படியில் பால் வைத்திருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். பால் பொங்கி வழிந்து தீய்ந்த பிறகுதான் சுயநினைவு வந்தது. நீங்கள் இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பீர்கள். பாலுக்காக இல்லை, திருகுக்காக. "உள்ள தூசி சேந்துக்கினுக்குது, அவ்ளோதான். அதுக்குப் போயி கிடாரையே வாணான்றானுங்க" என்று.

பேத்திக்காகத்தான் பார்க்கிறான். விற்க வந்தவர் கருணாபுரத்துக்காரர். கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருந்தாராம். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை என்று திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறார். சாயங்காலம் பஸ். சின்னவன் அடுப்படிக்கு வந்து என் காதோரம் சொன்னான்: "போற அவசரத்துல இருக்கறாரும்மா. இன்னும் கம்மி பண்ணலாம். இன்னா சொல்ற?"

இதே கேள்வியை நீங்களும் ஒருநாள் என்னிடம் கேட்டீர்கள்.

இடஒதுக்கீடு கேட்டு நம் ஜனங்கள் சாலையை மறித்த வருஷம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒரு மரம் கம்பியின் மேல் விழுந்ததில் கரண்டும் போய்விட்டது. பஸ் இல்லை, கடை இல்லை. ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஒரே தொழில் உங்கள் மைக்செட்தான். மாட்டுவண்டியில் பேட்டரியையும் ஆம்ப்ளிபயரையும் ஏற்றி, மேலே குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, மறியல் நடந்த இடத்தில் நிறுத்தியிருந்தீர்கள். வாடகை கேட்டீர்களா என்றால் அதுவும் இல்லை. "நம்ம புள்ளைங்க படிச்சி வேலைக்குப் போவறதுக்குத்தானே" என்றீர்கள். அதில் எனக்கும் மறுபேச்சு இல்லை.

அந்த மறியலில் மாட்டிக்கொண்டவர்தான் சேலத்துப் பக்கத்துக் கிடார்காரர். மலையடிவாரத்து டேம் பக்கத்து ஊரில் திருவிழாக் கச்சேரிக்கு வந்த குழு. கச்சேரி நின்றுபோனது, பேசிய சம்பளமும் வரவில்லை. மற்றவர்கள் சைக்கிளிலும் நடையுமாகக் கிளம்பிவிட்டார்கள். இவருக்கு மட்டும் எழுந்திருக்க முடியாத காய்ச்சல். தோளில் கைபோட்டு நம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டீர்கள். உங்களுக்கு எப்போதும் அப்படித்தான், மனுஷனோ ரேடியோவோ, ரிப்பேரானது என்றால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அவர் மனைவியைப் பற்றித்தான். தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. மலை ரோட்டில் மறியல் இல்லை, மேலே வெள்ளிமலை வரைக்கும் ஜீப்பில் போய், அங்கிருந்து மலையோடு மலையாக நடந்தால் சேலத்துப் பக்கம் இறங்கிவிடலாம் என்று யாரோ வழி சொல்லியிருந்தார்கள். வெறுங்கையோடு எப்படிப் போவது? கிடாரை எடுத்து உங்கள் முன்னால் வைத்தார். "அண்ணா, நீங்களே வெச்சிக்கங்க" என்று ஒரு விலை சொன்னார். அவர் கேட்டதே அநியாயத்துக்குக் குறைவு. அந்தப் பணம் நம்மிடம் இருந்தது. அதற்கு மேல் இல்லை.

உங்கள் முகத்தை அன்றைக்குப் பார்த்தவள் நான். எத்தனை மேடைக்கு மைக் கட்டியிருப்பீர்கள்! பாட வருகிறவர்களுக்கு ஹலோ ஹலோ என்று சோதித்துக் கொடுத்துவிட்டு, கீழே ஒயர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வீர்கள். வருகிற கிடார்காரர்களிடம் கெஞ்சிக் கெஞ்சி நாலு மெட்டு கற்றும் வைத்திருந்தீர்கள். "மேடைக்குக் கீயவே என் காலம் பூடும் போலக்குது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிடாரை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தீர்கள். லேசாக வளைவு. கம்பிகள் உயரமாக நின்றன, அழுத்தினால் விரல் வலிக்கும். ஒயர் சொருகும் இடத்தில் உள்ளே ஈயப்பற்று விட்டிருந்தது. கரண்ட் இல்லை என்றால் விட்டுவிடுகிற ஆளா நீங்கள்? ஈயம் பற்றவைக்கும் கம்பியை என் விறகடுப்பில் சொருகிப் பழுக்கக் காய்ச்சி, ஓடி ஓடி வந்து பற்று வைத்தீர்கள். நான் குழம்பு வைக்க இடமில்லாமல் நின்றேன். பிறகு நாம் மூன்று பேரும் மறியல் வண்டிக்குப் போனோம். கோஷம் போடுகிற ஆம்ப்ளிபயரில் கிடாரைச் சொருகினீர்கள். வெட்டிக் கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கத்தினார்: "யோவ் மைக்செட்டு, மறியல் நடக்கற எடத்துல இன்னாயா கச்சேரி?" நீங்கள் வாசித்தீர்கள். குழாய் வழியாக அது ஊருக்கே கேட்டது. கத்தினவரே, "இன்னும் ஒன்னு வுடுயா" என்றார்.

வீடு திரும்பும் வழியில், அவரை முன்னால் நடக்கவிட்டுவிட்டு, என்னிடம் கேட்டீர்கள்: "கழுத்து கொஞ்சம் வளைஞ்சிக்குது. மத்தபடி நல்ல சாமான். வாங்கலாமா? இன்னா சொல்ற?"

நான் சொன்னேன். இப்போதும் ஒரு எழுத்து மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "வழிய மறிச்சது நம்ம ஜனம். சோறு போட்டது நாம. பொருளையும் நாமளே கம்மியா வாங்கிக்கினா, வழிப்பறிக்கும் இதுக்கும் இன்னாங்க வித்தியாசம்? போட்ட சோத்துக்கு வெல வாங்கின மாதிரி ஆவாதா?"

நீங்கள் நின்றீர்கள். கையிலிருந்த ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே இருந்தீர்கள், சுற்றி முடித்த பிறகும். பிறகு, "நீ சொல்றது சரிதான்" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பணத்தையே எடுத்து, வழிச்செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கிடாரும் உங்களிடமே இருக்கட்டும் என்று நீட்டினீர்கள். அவர் வாங்கவில்லை. "காய்ச்சலுக்குக் கஷாயம் வெச்சிக் குடுத்தீங்க, சோறு போட்டீங்க. இதுக்கு மேல சும்மா கைநீட்டிக் காசு வாங்குனா எம்பொண்டாட்டி மொகத்துல எப்படிக்கா முழிப்பேன்?" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு என் நேர்மை, அவருக்கு அவர் ரோஷம். நடுவில் நீங்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். விடிந்ததும் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது கூசுகிறது.

அடுத்த வருஷம் வெள்ளிமலையில் ஒரு திருவிழாவுக்கு மைக்செட் கட்டப் போனபோது என்னையும் அழைத்துப் போனீர்கள். ஒரு ஜீப்காரர் வீட்டு வாசலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எதன் கழுத்திலோ கயிறு கட்டி, மேலே ஒரு குழந்தையை உட்காரவைத்து, சரிவில் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அந்தக் கிடார். ஒரு கம்பி இல்லை. நீங்கள் அடுப்பில் காய்ச்சிப் பற்றவைத்த இடம் பெயர்ந்து, மண் அடைத்திருந்தது.

ஜீப்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஜீப் வாடகைக்குக் குடுத்துட்டுப் போனாருபா. கையில கொஞ்சம் காசும் கேட்டாரு, இருந்தத குடுத்தேன். நான் இன்னா பண்றது? எங்க வூட்டுக்குக் கரண்டே வரல, இது கரண்ட் கிடாரு."

நாம் கொடுக்க இருந்ததில் பாதிகூட அவருக்குக் கிடைத்திருக்காது. நம் கையில் வந்திருந்தால் அது கிடாராகவாவது இருந்திருக்கும், அவரும் கொஞ்சம் பணத்தோடு வீடு போயிருப்பார். என் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதற்கு இரண்டு ஆண்கள் விலை கொடுத்தார்கள். மலையிறங்கும் பஸ்ஸில் நான் அழுதேன். "வுடு, அப்பவும் நீ சொன்னது சரிதான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எந்தக் கிடாரையும் விலை கேட்டு நான் பார்க்கவில்லை.

திட்டியிருக்கலாம் நீங்கள். எத்தனையோ நாள் அதற்காகக் காத்திருந்திருக்கிறேன். நீங்களோ சம்பந்தி வீட்டில், பால் சொசைட்டியில், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நர்ஸிடம்கூட அந்தக் கதையைச் சொன்னீர்கள். "எங்க வூட்டம்மா ஒரு வார்த்த கேட்டா பாரு, எனக்குக் கிடாரே வாணான்னு ஆயிட்ச்சி." அத்தோடு கதையை முடித்துவிடுவீர்கள். வெள்ளிமலைக்குக் கதை போகவே போகாது. உங்கள் காரியத்துக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார்கள். தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். துக்கத்தில் குனிந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்றைக்குச் சின்னவனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "கேக்கற வெலயக் குடு. கம்மி பண்ணாத. வேணாம்னும் சொல்லாத" என்றேன். மறுபடியும் பால் வைத்துக் காபி கலந்தேன், ஆனால் கொண்டுபோகவில்லை, அதற்கும் ஒரு விலை ஆகிவிடக் கூடாதே என்று. பணம் கை மாறுகிற வரைக்கும் டம்ளரோடு அடுப்படியிலேயே நின்றேன். அவர் வாங்கி எண்ணிப் பையில் வைத்த பிறகுதான் போய்க் கொடுத்தேன். காபி ஆறிப்போயிருந்தது. நல்ல மனுஷர், முகம் சுளிக்காமல் குடித்தார்.

சின்னவனுக்கு என் புத்தி புரியவில்லை. வந்தவரிடம் பெருமையாக ஆரம்பித்துவிட்டான். "எங்கம்மா அந்தக் காலத்துலயே இப்டித்தாங்க. மரம் வெட்டுன வருசம் ஒரு கிடாரு..." என்று உங்கள் குரலிலேயே, உங்களைப் போலவே கையை வீசிக்கொண்டு. வழிப்பறி வரைக்கும் வந்து நிறுத்தினான். மீதியை நான் சொன்னேன். முன்பின் தெரியாத ஒரு மனிதரை உட்காரவைத்துக்கொண்டு, ஜீப், வெள்ளிமலை, கயிறு, பிள்ளைகள், எல்லாம். நீங்கள் என்னை உட்காரவைத்திருந்த உயரத்திலிருந்து நானே இறங்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அங்கே இனிமேலும் உட்கார முடியவில்லை.

சின்னவன் கிடாரைக் கீழே வைத்தான். "அப்பா இத சொன்னதே இல்லியேம்மா" என்றான். வந்தவர்தான் மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கிடார்காரரு வூடு போயி சேந்தாராம்மா? இன்னா கொழந்த பொறந்துச்சாம்?"

தெரியாது என்றேன். ஜீப்காரரிடம் நாம் கேட்கவில்லை. பஸ்ஸிலும் அவரைப் பற்றி நீங்களும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் ஒரு தடவைகூட அதை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை. நாம் கிடாரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்துவிட்டோம்.